ஆறு பேர் கிளை எண்பத்தெட்டு பேர் ஆன கதை

எங்கள் நில அளவையாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளை என் பேச்சால்தான் வளர்ந்தது என்று என் மனைவி சொல்லி வருகிறாள். பதினோரு வருடங்களாக. எனக்கும் பதினோரு வருடங்களாகவே அதில் சந்தேகம். மனைவி புகழ்ந்தால் சந்தேகப்படுவதுதானே முறை?

ஆனாலும் நான் விசாரிக்கவில்லை. நல்ல செய்தியைத் தோண்டிப் பார்ப்பானேன்? ஊரார் நிலத்தை அங்குலம் அங்குலமாக அளக்கிற நான், என்னை மட்டும் உத்தேசமாகவே விட்டு வைத்திருந்தேன்.

பதினோரு வருடம் முன்பு, நான் கிளைத் தலைவராகி நான்கு மாதம். பட்டியலில் நாற்பது பேர் இருந்தும் மாதக் கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வருவார்கள். அதில் ஒருவர் மண்டபத்தைப் பூட்ட வந்தவர். தலைமைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மூன்று கூட்டங்களுக்கும் இருபது பேராவது வராவிட்டால் கிளையைக் கலைத்துவிடுவார்களாம்.

சாப்பாட்டு மேசையில் சபதம் செய்தேன்.

"என் காலத்துல கிளை கலையாது! மாசம் ஒரு சொற்பொழிவு. 'எல்லைக்கல்லும் மனித மனமும்.' எத்தனை பாகம் வந்தாலும் சரி. ஒவ்வொண்ணும் ரெண்டு மணி நேரம்!"

என் மனைவி கண் ஆஸ்பத்திரியில் முன்பதிவு மேசையில் இருப்பவள். தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ரெண்டு மணி நேரமாங்க?"

"ஏன், போதாதா?"

"தாராளமாப் போதும். நீங்க சொல்லுங்க, சுற்றறிக்கையை நானே அடிச்சு எல்லாருக்கும் அனுப்பிடறேன்."

சொன்னேன். அடித்தாள். கையெழுத்துப் போட்டேன். அனுப்பினாள். மாதாமாதம் இப்படியே. நான் படித்துப் பார்க்கவில்லை. தான் சொன்னதையே எடுத்துப் படிப்பவன் உண்டா?

அடுத்த கூட்டத்துக்கு முப்பத்து நான்கு பேர்! தொழில் புத்தி. கதவிலிருந்து ஒருமுறை எண்ணினேன், மேடையிலிருந்து ஒருமுறை எண்ணினேன். இரண்டும் பொருந்தின. அதற்கப்புறம் மாதாமாதம் புது உறுப்பினர்கள். நில அளவைப் பரீட்சை எழுதுபவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வந்தது. எல்லைத் தகராறுகளுக்கு இலவச ஆலோசனை நாள் வந்தது. தலைமைச் சங்கம் கேடயம் கொடுத்தது.

"எல்லாம் உங்க பேச்சுதான்" என்றாள் மனைவி.

சந்தேகம் எங்கே வந்ததென்றால், வந்தவர்கள் என் பேச்சைக் கேட்ட விதத்தில். கண்ணை மூடிக் கேட்டார்கள். சிலர் வாயைத் திறந்து கேட்டார்கள். இன்னொன்று: ஏதாவது பொறுப்புக்கு ஆள் வேண்டுமென்றால், வராதவர் பெயரையே எல்லோரும் ஒரே குரலில் முன்மொழிவார்கள். சகோதர பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம், நூற்று இருபத்தெட்டாம் பாகம். அளவைக் கருவியைத் தாங்கும் கால் மாதிரி ஒல்லியாக இருப்பதால் 'முக்காலி' என்று நாங்கள் கூப்பிடும் உறுப்பினர் கழுத்தில் மஃப்ளர் சுற்றி, நடுங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தால் அனலாய்க் கொதித்தது.

"ஏன்யா, இந்தக் காய்ச்சல்ல எதுக்கு வந்தீங்க?"

"வராம இருக்க முடியுமா தலைவரே? முன்னாடி பல்லு புடுங்கிட்டு ஒரு நாள் வீட்ல படுத்திருந்தேன். பயிற்சிக் குழுத் தலைவர் ஆக்கிட்டீங்க. இந்த மாசம் விலக்கு வாங்கலாம்னு அலைஞ்சேன். ஒரு புது ஆளும் சிக்கல."

"என்ன விலக்கு?"

சட்டைப்பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். என் கையெழுத்துக்குக் கீழே, பொடி எழுத்தில்: 'வராதவருக்குத் துணைக்குழுப் பொறுப்பு உறுதி. புதிய உறுப்பினர் ஒருவரைச் சேர்த்துவிடுபவருக்கு, ஒரு கூட்டத்திலிருந்து விலக்கு.'

கூட்டம் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை யாரும்மா இதைச் சேர்க்கச் சொன்னது? அதுவும் என் கையெழுத்துக்குக் கீழ!"

"மேல சேர்த்தா உங்க கண்ல பட்டிருக்குமேங்க."

"பதினோரு வருஷமா?"

"ஆஸ்பத்திரியில தினம் பாக்கறேன். 'வாங்க, டாக்டர் நல்லாப் பாப்பாரு'ன்னா ஒருத்தரும் வர்றதில்ல. 'வரலேன்னா பேரைக் கடைசில போட்டுடுவேன்'னு சொல்லிப் பாருங்க. கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாங்க."

கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். முப்பது வருடம் மனிதர்களுக்கு நடுவே கல் நட்டவன் நான். அவர்களை நகர்த்துவதற்கு இரண்டு வரி போதுமென்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தப்பி ஓடப் பார்த்த முக்காலியின் வகுப்பில் இந்த வருடம் ஒன்பது பேர் தேறியிருக்கிறார்கள். பிடித்து உட்கார வைத்த பிறகுதான் அந்த மனிதனுக்கே தன்னுடைய திறமை தெரிந்தது. இத்தனையும் செய்துவிட்டு, கேடயத்தை என் பெயரில் வாங்க வைத்துத் தூசியும் தட்டி வைக்கிறாள். வியக்காமல் என்ன செய்வது?

ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அப்ப என் பேச்சால வளர்ந்துதுன்னு நீ சொன்னது பொய்தானே?"

"ஐயோ, சத்தியமா நிஜங்க!" துணியைக் கீழே வைத்துவிட்டாள். "உங்க பேச்சு இல்லேன்னா அந்த விலக்குக்கு என்ன மதிப்பு? அதுலேர்ந்து தப்பிக்கத்தானே ஆளுக்கொரு ஆளைப் பிடிச்சுட்டு வந்தாங்க!"

விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். எண்பத்தெட்டு பேர். நூறைத் தொட இன்னும் பன்னிரண்டு பேர் வேண்டும். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:

"அப்ப, அடுத்த மாசம் மூணு மணி நேரமாப் பேசட்டுமா?"