கொக்குகளின் கோப்பையும் கூடவே இருந்தவர்களும்

வாசகரே, எங்கள் சஸ்காச்சுவான் சமவெளியில் கோதுமைக்கு அடுத்தபடியாக அமோகமாக விளைவது ஒரு மனித இனம். 'அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன்' இனம். விதைக்க வேண்டாம், நீர் பாய்ச்ச வேண்டாம். கையில் ஒரு பியரைக் கொடுத்தால் போதும், தழைத்துவிடும்.

எங்கள் 'கொக்குகள்' கனடியக் கால்பந்து அணியின் வரலாறு மிகச் சுருக்கமானது. (பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதைத்தான் நாங்கள் கால்பந்து என்கிறோம், கேள்வி கேட்காதீர்கள்.) தோற்றார்கள்; தோற்றார்கள்; ஒரு பனிப்புயலில், நம்மவன் உதைத்த பந்தை எதிரணிக்காரன் தன் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே கொண்டுவராமல் பனியில் துழாவிக்கொண்டே நின்ற புண்ணியத்தில், அதற்குக் கிடைத்த ஒற்றைப் புள்ளியில் கோப்பை வென்றார்கள்; மறுபடி தோற்க ஆரம்பித்து இன்றுவரை நிறுத்தவில்லை.

அன்று அரங்கத்தில் பாதி இருக்கை காலி. புயலுக்குப் பயந்து ஊரே போர்வைக்குள் கிடந்தது. இன்று விசாரியுங்கள்! மாகாணமே அங்கே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள்கூட இருந்திருக்கிறார்கள்.

இந்த இனத்தின் தூய வித்து ஓரஸ்ட் வாவ்ரிக். எனக்கு முன்வரிசைக்காரர், கொக்கு அலகு தைத்த ஆரஞ்சு கம்பளித் தொப்பிக்காரர். அவர் சொல்லும் கதையில், முதலில் அவர் அன்று கடைசி வரிசையில் இருந்தார். வருடா வருடம் படியிறங்கி வந்து, இப்போது மைதான ஓரத்தில் நின்றுகொண்டு, "டேய், உதைடா!" என்று வீரனுக்கு ஆணையிடுகிறார். ஓய்வு பெறுவதற்குள் அவரே உதைத்துவிடுவார்.

சென்ற நவம்பரில், அந்தக் கோப்பைக்குப் பிறகு முதன்முறையாக எங்கள் மைதானத்திலேயே கொக்குகள் இறுதி ஆட்டத்தில் நின்றன. ஓரஸ்டின் மனைவி வெர்னா என் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு மட்டும் ஜெயிச்சிட்டா போதும் தம்பி. புதுக் கதை ஒண்ணு கிடைச்சா இந்த மனுஷன் பழசை விட்டுத் தொலைப்பாரு. முப்பது வருஷமா பனியிலேயே நிக்கிறேன்."

கடைசி நிமிடம். நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். எல்லைக்கோட்டுக்கு இரண்டடி; பந்தோடு தாண்டினால் கோப்பை நமக்கு. கடைசி வாய்ப்பு. நம்மிடம் பந்து இருக்கும்போது அரங்கம் மூச்சுக்கூட விடக்கூடாது. ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லி நடுவில் நிற்பவன் கூவும் குரல் நம் வீரர்களுக்குக் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கும் தெரிந்த மரியாதை.

ஓரஸ்ட் எழுந்தார். "அன்னைக்கும் இதே மாதிரிதான்யா..."

"உஷ்!" என்றாள் வெர்னா.

"கேளு வெர்னா, நான் அங்கதான்..."

"யோவ் பெருசு, வாயை மூடுய்யா!" என்றார் பின்னால் ஒருவர். "உட்காரு! உஷ்!" என்றார் இன்னொருவர். வரிசை வரிசையாக, பகுதி பகுதியாக, அமைதியின் மேல் கொண்ட அளவற்ற பற்றால், எங்கள் பக்கத்து அரங்கம் முழுவதும் தொண்டை கிழிய அலறியது: "சத்தம் போடாதே!"

கீழே நம் வீரன் ஒருவன் அதைத் தொடக்கக் குரல் என்று எண்ணி முந்திப் பாய்ந்தான். தண்டனை: ஐந்து கெஜம் பின்னால். அடுத்து எறிந்த பந்து யாருமில்லாத பனியில் விழுந்தது. கோப்பை விமானமேறி வேறு ஊர் போயிற்று.

வெர்னா தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் முப்பது வருஷம்" என்றாள்.

இப்போது ஊரில் விசாரித்துப் பாருங்கள். அன்று அந்தப் பக்கம் யாருமே இல்லை. ஓரஸ்டுக்கு முதுகுவலி, வீட்டில் படுத்திருந்தாராம்.

"அப்ப என் பக்கத்துல கத்துனது யாரு, உங்க ஆவியா?" என்கிறாள் வெர்னா.

நானா? நான் அப்போது பெரோகிக் கொழுக்கட்டை வாங்கப் போயிருந்தேன். நீண்ட வரிசை.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் குடும்பத்தில் அமோகமாக நடந்த அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர் நீங்கள்தானே? முறிந்துபோன இன்னொரு கல்யாணத்தைப் பேசியது யார்? ஓகோ, அன்று ஊரிலேயே இல்லையா!

தலையைக் கொஞ்சம் குனியுங்கள். அலகுத் தொப்பி அளவு சரியாக இருக்கிறதா, பார்த்துவிடலாம்.