வேண்டுதல் கப்பல்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரே வாரத்தில் ஆரோக்கியநாதன் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். ஓய்வு என்பதை ஆபீசில் கொடுப்பார்கள், வீட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க அவர் வீட்டில் ஒரு துரும்பை எடுத்து அப்பால் போட்டதில்லை. இப்போது கண் விழித்தால் எதிரே துடைப்பம் நின்றது. துடைப்பத்துக்குப் பின்னால் பெட்ரிசியா நின்றாள்.

பெட்ரிசியா செண்டாயானில் ஒரு மேசை நாற்காலி பேக்டரியில் மத்தியான ஷிப்ட். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிற வரைக்கும் உத்தரவுகள் வந்துகொண்டே இருக்கும்.

“என்னாங்க, பாத்திரத்தக் கழுவிடுங்க. துணியக் காயப் போட்டுடுங்க. வாசல்ல புல்லு பாம்பு வர்ற மாதிரி வளந்து கெடக்கு. லோபாக் பாசாருக்குப் போயி மீனு வாங்கிட்டு வந்துடுங்க. சனிக்கிழம கோலா கிளாவாங் போயி எங்க அண்ணன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடுங்க.”

“நான் ரிட்டயர் ஆனவன்லா!”

“அதான் சொல்றேன். வேலைக்குப் போறவரா இருந்தா சொல்லுவேனா?”

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், தோட்டத்துச் சின்னக் கோயிலில் பாதர் அந்த அறிவிப்பைச் செய்தார். புயலில் சிக்கிய மாலுமிகளை ஆரோக்கிய மாதா கரை சேர்த்த கதை எல்லாருக்கும் தெரியும். இந்த வருஷத் திருவிழாவில் மாதா தேரின் முன்பக்கம் மரத்தால் ஆன ஒரு பாய்மரக் கப்பல் இருந்தால் நன்றாயிருக்கும், சிரம்பான் கடைகளில் யாராவது விசாரித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

ஆரோக்கியநாதன் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்துப் பெட்ரிசியாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. பூசை நேரத்தில் அவர் விழித்திருப்பதே அதிசயம்.

“வாங்கக் கூடாது பாதர். நான் செய்றேன்! பலகை அறுக்கறதுலேருந்து பாய் கட்டற வரைக்கும் என் கையாலேயே செய்றேன். அந்தக் கப்பல் முடியற வரைக்கும் இந்தக் கையி வேற எந்த வேலையையும் தொடாது. மாதாவுக்கு இது என்னோட வேண்டுதல்!”

கோயிலே கை தட்டியது. பெட்ரிசியாவின் கை மட்டும் நெற்றிக்குப் போனது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

“என்னாங்க, அந்தத் தட்டக் கழுவி வச்சிடுங்க.”

“வேண்டுதல்.”

“குப்பையவாச்சும் கொண்டுபோய்க் கொட்டிட்டு…”

“வேண்டுதல்.”

“அப்ப சோத்த மட்டும் அந்தக் கையால தொடலாமா?”

“சோறு வேல இல்ல பெட்ரிசியா. சோறு தேவை.”

மாமியாரோடு சண்டை போடலாம். மானேஜரோடு சண்டை போடலாம். மாதாவோடு யார் சண்டை போடுவது? பெட்ரிசியா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

உள்ளதைச் சொல்லவேண்டும். ஆரோக்கியநாதன் வேலையைத் தொடங்கத்தான் செய்தார். பின்கட்டு ஸ்டோர் ரூமைக் காலி செய்தார். ரப்பர் மரப் பலகைகள் வந்து இறங்கின. அடிக்கட்டையை அறுத்து நிறுத்தினார். மீன் முள் மாதிரி இரண்டு பக்கமும் விலாக்கட்டைகளை ஒட்டினார். எட்ட நின்று பார்த்தால் யாரோ தின்றுவிட்டுப் போட்ட கெண்டை மீன் போல இருந்தது. ஆனாலும் கப்பல்தான்.

அடுத்து, பக்கப் பலகைகளை வளைத்து ஒட்டவேண்டும். வெந்நீரில் போட்டால் பலகை வளையும் என்று யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் காட்டினான். ஆரோக்கியநாதன் பெட்ரிசியாவின் இட்லிப் பானையில் பலகைகளை வேக வைத்தார். பலகை வளையவில்லை, படக்கென்று ஒடிந்தது. இன்னொன்றும் ஒடிந்தது. அடுத்த வாரம் முழுக்க இட்லியில் ரப்பர் மர வாசனை வந்தது.

அதோடு கப்பல் வேலை நின்றுபோனது. வேண்டுதல் நிற்கவில்லை.

கப்பல் முடிந்தால்தானே துடைப்பம் கைக்கு வரும்? வேண்டுதலுக்குத் தேதியா போட்டிருக்கிறது? இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷத் திருவிழா. மாதா கோபிக்க மாட்டார். ஆரோக்கியநாதன் காலையில் காப்பிக்கடைக்குப் போய், தெ தாரிக் ஆறுகிற வரைக்கும் கப்பல் கட்டுகிற கஷ்டத்தைப் பேசினார். மத்தியானம் பஸ் பெட்ரிசியாவை ஏற்றிக்கொண்டு போனதும் ஸ்டோர் ரூமைத் திறந்து, கப்பல் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தார். வெளியே போகும்போது பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

பக்கத்து வீட்டு வீரமுத்து லோரி ஓட்டுகிறவன். ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

“என்னாண்ணே, பாய்மரக் கப்பல்னு சொன்னீங்க. மரம் கெடந்தபடியே கெடக்கு. பாய மட்டும் விரிச்சிருக்கீங்க?”

“வேல மண்டைக்குள்ள நடக்குதுலா.”

“அதான் சத்தம் கேட்டுச்சு. கொறட்டன்னு நெனச்சிட்டேன்.”

ராஜ வாழ்க்கை. அப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு மத்தியானம் அவர் பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே கப்பலைத் திரும்பிப் பார்த்தார். கொட்டாவி பாதியில் நின்றது.

இடது பக்கத்தில் பலகை ஒட்டியிருந்தது. ஒரு வரிசை முழுவதும், மீன் வயிறு மாதிரி வளைந்து, இடுக்கு தெரியாமல் உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். அசையவில்லை. தட்டிப் பார்த்தார். ‘டொக்’ என்றது. பூட்டைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன.

மறுநாள் வலது பக்கமும் மூடியிருந்தது. அதற்கு மறுநாள் மேல்தளம் வந்திருந்தது. ஆரோக்கியநாதன் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

காலையில் பெட்ரிசியா துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“நீ ஸ்டோர் ரூம் பக்கம் போனியா?”

“எனக்கென்னாங்க அங்க வேல? அது வேண்டுதல் ரூம்லா.”

“பெட்ரிசியா… கப்பல் தானா வளருது.”

“என்னாது?”

“வளருதுடி! நேத்து இல்லாத பலகை இன்னிக்கி இருக்கு!”

அவள் சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “சுடலியே. கண்ணாடிய மாத்திப் பாருங்க.”

அவர் விடவில்லை. வாசற்படிக்கு உள்பக்கம் கோதுமை மாவைத் தூவிவிட்டுப் பூட்டினார். மனுசன் போயிருந்தால் கால் தடம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தபோது மாவில் எறும்பு நடந்த தடம்கூட இல்லை. கப்பலில் மூன்று பாய்மரங்கள் நின்றன.

“அலாமாக்!” என்று அலறிவிட்டார்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேகத்தைப் பார்த்தால் அடுத்த வாரமே கப்பல் முடிந்துவிடும் போலிருந்தது. முடிந்தால் தட்டு, துணி, புல்லு, மச்சான் வீட்டுப் பெயிண்ட்! அவர் மண்டியிட்டு, “மாதாவே, அவசரமே இல்ல, மெதுவா செய்ங்க,” என்று கெஞ்சினார். கேட்காமல் போய்விட்டால்? நடுப் பாய்மரத்தைத் தம் கையாலேயே பிடுங்கி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

மறுநாள் அந்த மரம் பழையபடி நின்றது. இந்தத் தடவை நுனியிலிருந்து அடி வரைக்கும் கயிறுகள் கட்டி, ஒவ்வொரு கயிற்றிலும் குண்டூசித் தலையளவு முடிச்சுகள் வேறு.

ஆரோக்கியநாதன் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்ததும் நேரே காப்பிக்கடைக்கு ஓடினார்.

சேதி தோட்டத்து லயங்களில் வீடு வீடாகப் பரவியது. சாயங்காலமே வாசலில் கூட்டம். மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். கற்பூரத்தோடும் வந்தார்கள். வீரமுத்து தேங்காய் உடைத்தான். ஆரோக்கியநாதனுக்குப் பயம் தெளிந்து பெருமை ஏறியது. சொல்லச் சொல்லக் கதையும் வளர்ந்தது. முதல் நாள் பலகை மட்டும் இருந்த கதையில் இரண்டாம் நாள் மல்லிகை வாசம் வந்தது. மூன்றாம் நாள் வெளிச்சம் வந்தது. நான்காம் நாள் சிறகு படபடத்தது.

“இந்தக் கையி ஒரு பலகையக்கூட வளைக்கல! மாதா சத்தியமா சொல்றேன்!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். பெட்ரிசியா லீவு போட்டுவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் கலக்கிக் கொடுத்தாள்.

திருவிழா வந்தது. தேரின் முன்னால் கப்பல் நின்றது. வெள்ளைப் பாய்கள் காற்றில் புடைத்ததைப் பார்த்து, பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாதர் ஆரோக்கியநாதனைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார். அவர் வாசம், வெளிச்சம், சிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தார். “மரியே வாழ்க!” என்று கூட்டம் முழங்கியது.

அப்போது பெட்ரிசியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

“பாதர், நானும் ஒரு வேண்டுதல் வச்சிருந்தேன். வெளிய சொல்லல. திருவிழாவுக்குள்ள இந்தக் கப்பல் முடிஞ்சிட்டா, அடுத்த திருவிழா வரைக்கும் வீட்டு வேல அத்தனையும் எங்க வீட்டுக்காரரே செய்வாருன்னு நேந்துக்கிட்டேன். மாதா கேட்டுட்டாங்க பாதர்!”

கூட்டம் இன்னும் பலமாக முழங்கியது. ஆரோக்கியநாதன் மைக்கைப் பிடிக்கக் கை நீட்டினார். பாதர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தீர்த்தம் தெளித்தார். “பாக்கியம் பெற்ற கைகள்!” என்றார்.

கப்பல் கரை சேர்ந்த பிறகு கப்பல் கவிழ்ந்தவர் போல வீட்டில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் ஆரோக்கியநாதன். பெட்ரிசியா எதிரே உட்கார்ந்து விரல் நுனியில் காய்ந்திருந்த எதையோ உரித்துக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தார். கம். மரம் ஒட்டுகிற கம்.

“நீயா?”

“பின்ன? மாதாவுக்கு வேற வேல இல்லியா?”

“பூட்டு?”

“பூட்டு வாங்குனா மூனு சாவி குடுப்பான்.”

“மாவு?”

“நீங்க காப்பிக்கடையில இருந்தப்ப கூட்டிட்டுப் புதுசா தூவுனேன். கோதுமை மாவு நாம தின்னத்தானே வச்சிருக்கோம், இப்படியா வீணாக்குறது?”

“நான் ஒடிச்ச பலகைய நீ எப்படிடி வளைச்ச?”

“பேக்டரில நான் நாற்காலி முதுகுப் பலகை வளைக்கிற செக்சன்ல இருக்கேன். வருஷக்கணக்கா அதான் வேல.”

“நீ பேக்கிங்ல இல்லியா?”

“ஒரு நாளாச்சும் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“அந்தப் பாய்த் துணி… நல்ல துணியா இருந்துச்சே…”

“ஒங்க பட்டு வேட்டிதான்.”

ஆரோக்கியநாதன் துள்ளி எழுந்தார். “இப்பவே பாதர்கிட்டப் போயி உண்மையச் சொல்றேன்!”

“தாராளமா. பாய் விரிச்சுத் தூங்குனதையும் சேத்துச் சொல்லிடுங்க. பாய்மரத்தப் பிடுங்கி ஒளிச்சதையும் சொல்லுங்க. அந்தச் செறகு எந்தக் கோழியோடதுன்னும் சொல்லிடுங்க.”

“ஐயோ, என் மானம் கப்பலேறிடுமேடி!”

“கப்பல் ரெடியாத்தான் இருக்கு. ஏத்தவா?”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் குழாயடியில் குந்தி, மீன் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் லோரி வந்து நின்றது. வீரமுத்து குதித்து இறங்கிப் பின்கதவைத் திறந்தான். உள்ளே மாரியம்மன் கோயில் அன்னதான அண்டாக்கள், அடி முழுக்கக் கரி பிடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக நின்றன.

“என்னாலா இது?” என்று அலறினார் ஆரோக்கியநாதன்.

வீரமுத்து பயபக்தியோடு அவருடைய சோப்புக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“அண்ணிதான் சொன்னாங்கண்ணே, இந்தக் கைய ஒரு வீட்டோட பூட்டி வைக்கிறது பாவமாம்.”