பட்டன் பாலுவும் சுப்பராமனின் பந்தயமும்

'பட்டன் பாலு' படத்தை ஊர் கூடிச் சிரிக்க வைத்தே தீருவது என்று சுப்பராமன் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கையில் மோர்சாதம் இருந்தது. கையை உயர்த்திச் சபதம் செய்ததில் பாதி சாதம் சட்டைக்குப் போய்விட்டது.

எல்லாம் மகள் ஹம்சினியால் வந்தது. பரீட்சை முடிந்துவிட்டதாம். டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் வேண்டுமாம். அபிராமபுரத்தில் அவர்கள் குடியிருந்த ஃபிளாட்டுகளில் மாடி வீட்டுக்கு வந்துவிட்டது, கீழ் வீட்டுக்கு வந்துவிட்டது. நடுவில் இருக்கும் தங்களுக்கு மட்டும்தான் வரவில்லை. தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடையில் இது பெரிய மானப் பிரச்சினை.

"வீடியோ கேம் வந்தா வீடே கேம் ஆயிடும்!" என்றார் சுப்பராமன்.

சிலேடை தானாக வந்து விழுந்ததில் அவருக்கே ஒரு புளகாங்கிதம். யாரும் சிரிக்கவில்லை. ஒருவேளை கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"மொதல் தடவையே காதுல விழுந்துது," என்றாள் மனைவி நீரஜா. "வீடியோ கேம்ல என்ன கெட்டுப் போறது? 'பட்டன் பாலு'ல அந்த அம்மா கேம் ஆடித்தானே புருஷனைக் காப்பாத்தினா?"

அவ்வளவுதான். சுப்பராமனுக்கு ரத்தம் கொதித்தது.

எண்பதுகளின் நடுவில் வந்த குடும்பப் படம் அது. டாக்டர் திம்மா என்ற வில்லன், பாலு என்ற பையனுடைய அப்பாவை வேஷ்டியோடு பிடித்து ஒரு வீடியோ கேமுக்குள் அடைத்துவிடுவான். பாலு பட்டன் பட்டனாகத் தட்டிப் பார்த்துத் தோற்றுப்போவான். கடைசியில் பாலுவின் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேமில் உட்கார்ந்து வில்லனை ஒழிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் இதைத் தியேட்டரில் பார்த்தவள் நீரஜா. புகுந்த வீட்டுக்கு வரும்போது கேசட்டையும் கொண்டு வந்தாள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அது ஓடும். ஓடும்போதெல்லாம் சுப்பராமன் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒரு காட்சியைக்கூட அவர் பார்த்தது கிடையாது. அதில் அவருக்குப் பெருமை. காதுக்குப் பிடித்துக்கொள்ள இன்னொரு பேப்பர் இல்லை என்பதை அவர் யோசிக்கவில்லை.

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. அவர் சாமானியர் இல்லை. பகலில் இன்ஷூரன்ஸ் குமாஸ்தா என்றாலும் சாயங்காலத்தில் 'திரைச்சுவை வட்டம்' என்ற சங்கத்தின் செயலாளர். கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் போடுவார்கள். போன மாதப் படத்தில் ஒருவன் ரயிலுக்காகக் காத்திருந்தான். ரயில் வந்தது. அவன் ஏறவில்லை. படம் முடிந்துவிட்டது. சுப்பராமன் தேம்பித் தேம்பி அழுதார்.

"டிக்கெட் எடுக்கலையோ என்னமோ, பாவம்," என்றாள் நீரஜா, கதையைக் கேட்டுவிட்டு.

அந்தக் காயமும் இருந்தது. மோர்சாதக் கையை உயர்த்தினார்.

"பந்தயம்டீ! அடுத்த கூட்டத்துல உன் 'பட்டன் பாலு'வைப் போடறேன். ரசனை உள்ளவா பார்க்கட்டும். ஹால் சிரிச்சுதுன்னா இந்த ஆத்துல வீடியோ கேம்ங்கற பேச்சே கூடாது."

"கைதட்டித்துன்னா?"

"யாரு, வட்டமா? எங்க மெம்பர்ஸ் கொசு அடிக்கக்கூடக் கைதட்ட மாட்டா!"

"தட்டித்துன்னா?"

"நானே பாண்டி பஜார் போய் வாங்கிண்டு வரேன், போ!"

"சரி. இன்னும் கொஞ்சம் மோர் விடட்டுமா?" என்றாள் நீரஜா.

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் உஷாராகிவிட வேண்டும். சுப்பராமன் மோரைத்தான் வாங்கிக்கொண்டார்.

வட்டத்தின் தலைவர் வேதநாயகம் சாந்தோமில் இருந்தார். ஓய்வுபெற்ற பௌதிகப் பேராசிரியர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாருமில்லை. "நேற்றைய ரசனை, இன்றைய வேடிக்கை" என்ற தலைப்பைச் சொன்னதும், "சமூகவியல் நோக்குல அவசியமான விஷயம்" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

படம் போட்டுக் காட்டும் பொறுப்பு ராயப்பேட்டையில் வீடியோ லைப்ரரி வைத்திருக்கும் கரீமுல்லாவுடையது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இரண்டு பெரிய டிவி, கேசட் போடுகிற ஒரு டெக்கு, ஒரு சவுண்ட் பாக்ஸ் எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். கேசட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னா சார், இந்தப் படமா! சூப்பர் படம் சார். நம்ம கடைல இதுக்கு இன்னும் கிராக்கி கீது."

"இதை யாருய்யா எடுக்கறா?"

"லேடீஸ்தான் சார். வூட்டுக்காரரு ஊருக்குப் போனா வந்து எட்துக்கினு போவாங்க."

சுப்பராமன் மைக்கைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

நீரஜா ஹம்சினியோடு வந்து டெக்கு வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "பாய், நான் இங்கதானே இருக்கேன். டெக்கெல்லாம் எனக்குப் பழக்கம். நீங்க போய் ஒரு டீ சாப்ட்டுட்டு வாங்கோ," என்றாள். கரீமுல்லாவுக்கு அந்தக் குடும்பத்தின் மீதே மரியாதை வந்துவிட்டது.

சுப்பராமன் மைக் முன்னால் நின்று முன்னுரை ஆற்றினார். "அன்பர்களே, ஒரு காலத்தில் நம் மக்கள் எதையெல்லாம் விஞ்ஞானம் என்று நம்பினார்கள் என்பதை இன்று பார்க்கப்போகிறீர்கள். தைரியமாக இருங்கள்."

படம் ஆரம்பித்தது. ஆரம்பித்த வேகத்தில் ஹால் சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்யும்? டாக்டர் திம்மாவின் சூப்பர் கம்ப்யூட்டர் ஒரு இரும்பு பீரோ. அதைச் சுற்றிக் கல்யாண வீட்டு சீரியல் லைட். அது யோசிக்கும்போதெல்லாம் குக்கர் விசில் அடித்தது. கேம் ஆடுகிற கைப்பிடி ஏதோ லாரியிலிருந்து கழற்றிய கியர். கேமுக்குள் மாட்டிக்கொண்ட அப்பா தெர்மாகோல் மேகத்துக்கு மேகம் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாவினார். ஒவ்வொரு தாவலுக்கும் "டிங்" என்று சத்தம்.

வேதநாயகம் முதலில் இருமினார். அப்புறம் குலுங்கினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுப்பராமன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆஹா! மனைவி பக்கம் திரும்பி, காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். நீரஜா புன்னகை செய்தாள்.

இடைவேளைக்கு அப்புறம்தான் சிரிப்பின் ருசி மாறியது.

"லஸ் பக்கம் ஒரு கேம் கடை இருந்துது, ஞாபகம் இருக்கா?" என்றது ஒரு குரல். "சைக்கிளை அங்க விட்டுட்டு, ட்யூஷன் போனேன்னு சொல்லுவேன்." இன்னொருவர், இந்தப் படத்துக்குப் போய் வந்த அன்றுதான் அப்பா தன்னைத் தோளில் தட்டிப் பேசினார் என்றார். இப்போதும் சிரித்தார்கள். ஆனால் வீட்டு மனுஷரைக் கேலி பண்ணுகிற மாதிரி சிரித்தார்கள்.

வேதநாயகம் சுப்பராமன் பக்கம் சாய்ந்தார். "இதைப் பாத்துட்டு வந்து என் பையன் என் ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுட்டான். முதுகுல ரெண்டு வெச்சேன். இன்னிக்கு அவன் கம்ப்யூட்டர் இன்ஜினீயர். பாவம், அந்த ரேடியோவை அவன் திருப்பிச் சேத்திருந்தான், தெரியுமோ? நான்தான் பாட வெச்சுப் பாக்கவே இல்ல."

"சிரிங்கோ சார்," என்றார் சுப்பராமன் கலவரமாக. "உணர்ச்சிவசப்படாதீங்கோ."

கடைசிக் காட்சி வந்தது. பாலு தோற்றுவிட்டான். அப்பா மேகத்தின் விளிம்பில் தொங்குகிறார். அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையைச் செருகினாள். கியரைப் பிடித்தாள். டாக்டர் திம்மாவை நேருக்கு நேர் பார்த்து வாயைத் திறந்தாள்.

சத்தமே வரவில்லை.

"சவுண்ட்! சவுண்ட்!" என்று ஹால் கத்தியது. கரீமுல்லா எங்கே? மூன்றாவது டீக்காக டீக்கடையில். நீரஜா டெக்கை முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், கையை விரித்தாள். படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் என்ற முறையில் சுப்பராமன் முன்னால் ஓடினார்.

"அன்பர்களே, அமைதி..." என்றுதான் சொல்ல வந்தார். பின்னால் இரண்டு டிவியிலும் அம்மாவின் வாய் அசைந்தது. அவ்வளவு வருஷம் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்ட காது. அது வாயைக் கலந்தாலோசிக்கவே இல்லை.

"விடுடா அவரை!" என்றார் சுப்பராமன்.

ஹால் அப்படியே நின்றது. டாக்டர் திம்மாவின் வாய் அசைந்தது.

"ஹஹ்ஹஹ்ஹா! இந்த அசட்டு மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், பெண்ணே?" இதுவும் சுப்பராமன்தான். கட்டைக்குரல்.

அம்மா பதில் சொன்னாள். சுப்பராமன் குரலை மேலே ஏற்றினார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆமாம், என் புருஷன் அசடுதான்! ஆனா என்னோட அசடு! குடுடா திருப்பி!"

விசில் பறந்தது. செயலாளருக்கு வேகம் பிடித்துவிட்டது. "டிங்!" என்றார், "டிங் டிங்!" என்றார். குக்கர் விசில் அடித்தார். பீரோ வெடித்தது, அதற்கும் வாயாலேயே வெடித்தார். அப்பா கேமிலிருந்து வெளியே வந்து விழுந்ததும், "காபி இருக்கா?" என்று அப்பாவாகக் கேட்டார். அந்த நேரத்தில் அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. ஹால் எழுந்து நின்றது. கொசுவுக்குக்கூடக் கைதட்டாத வட்டம் கூரை அதிரக் கைதட்டியது.

டீ குடித்துவிட்டு வந்த கரீமுல்லா மேஜைக்குப் பின்னால் குனிந்தார். "சவுண்ட் வயர் கழண்டுகினு கீது சார். டைட்டாத்தான் சொருவுனேன்..." என்றார். யார் கேட்டார்கள்? வேதநாயகம் சுப்பராமனைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சுப்பராமன், வட்டம் ஆரம்பிச்ச நாளா இப்படி ஒரு கூட்டம் நடந்ததில்ல! அடுத்த மாசம் பெரிய ஹால் எடுக்கிறோம். 'வீடியோ கேமும் சினிமாவும்.' நீங்கதான் பேசணும். மேடையிலயே ஆடியும் காட்டணும். உங்க மிஸஸ் இப்பதான் சொன்னாங்க, நீங்க அதுல புலியாமே?"

சுற்றி அத்தனை கண்கள். கைதட்டலின் சூடு இன்னும் ஆறவில்லை.

"புலின்னு சொல்லிட முடியாது," என்றார் சுப்பராமன் அடக்கமாக. "சிறுத்தை."

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போதே வாதத்தை ஆரம்பித்துவிட்டார்.

"நன்னா யோசிச்சுப் பாரு. சிரிச்சது எதுக்கு? படத்துக்கு. கைதட்டினது எதுக்கு? எனக்கு. ஆகக்கூடி பந்தயத்துல யார் ஜெயிச்சா?"

"நீங்கதான்," என்றாள் நீரஜா.

இவ்வளவு சுலபமாகவா! ராயப்பேட்டை ஹைரோடு சிக்னலில் நிற்கும்போது சுப்பராமன் ஒரு ராகத்தை இழுத்தார். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அவரைப் பார்த்தும் ஒரு புன்னகை செய்தார்.

இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் உறைத்தது. மேடையில் ஆடிக் காட்ட வேண்டும். எதை வைத்து? அந்தப் பெட்டியை அவர் தொட்டதுகூட இல்லை. மாடி வீட்டில் போய்ப் பழகினால் விஷயம் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். வேறு வழியில்லை. அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"நீரு, ஆராய்ச்சிக்காக ஒரு வீடியோ கேம் வாங்கலாம்னு பார்க்கறேன்."

நீரஜா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னது? இந்த ஆத்துல அந்தப் பேச்சே கூடாதுன்னேளே! நான் பந்தயத்துல தோத்தவ. வார்த்தைன்னா வார்த்தை."

"அது... பந்தயம் வேற, ஆராய்ச்சி வேற."

"முடியவே முடியாது. வீடே கேம் ஆயிடும்."

"அப்படிச் சொல்லாதேடீ. வட்டத்தோட மானம் போயிடும். நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

நீரஜா நன்றாக யோசித்தாள். "கார்த்தால காபி நீங்க போடணும். ஞாயித்துக்கிழமை சமையலும் உங்களோடதுதான். சம்மதமா?"

"சம்மதம்!" என்றார் சுப்பராமன். அவள் மனசு மாறுவதற்குள் பாண்டி பஜார் போய்ச் சேர்ந்தார். பந்தயத்தில் ஜெயித்தாயிற்று, இப்போது பெண்டாட்டியையும் பேசிச் சம்மதிக்க வைத்தாயிற்று. திரும்பும்போது பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கோப்பை வாங்கியவர் மாதிரிப் படியேறினார். ஹம்சினி குதித்தாள்.

டிவிக்குப் பின்னால் புகுந்து வயர்களைச் செருகினார். படம் வந்தது! குட்டி மனுஷன் ஒருவன் குதித்தான். ஆனால் சத்தத்தைக் காணோம். பெட்டியைக் குலுக்கினார். டிவியைத் தட்டினார். கடைக்காரரைத் திட்டினார். "ஏமாத்திட்டான் படுபாவி!"

நீரஜா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். டிவிக்குப் பின்னால் ஒரு கையை விட்டாள். ஒரு வயரை உருவி இன்னொரு துளையில் அழுத்தினாள். "டிங்! டிங்!" என்று வீடு நிறையச் சத்தம்.

சுப்பராமன் வாயைப் பிளந்தார். "உனக்கு எப்படிடீ இதெல்லாம் தெரியும்?"

நீரஜா கைப்பிடியை எடுத்துக்கொண்டு வசதியாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏன்னா, அன்னிக்கு ஹால்ல கழட்டினவளுக்கு, இன்னிக்கு ஆத்துல மாட்டத் தெரியாதா?"