படிவம் பதினான்கும் பைன் மர மேசையும்

பழுதடைந்த கட்டடங்கள் கண்காணிப்பு அலுவலகத்தின் மேலாளர், வாழ்நாளில் ஒரே ஒரு படைப்பைத்தான் படைத்திருந்தார். அதன் பெயர் படிவம் பதினான்கு. விரிசலுக்கு ஒரு மதிப்பெண், துருப்பிடித்த ஆணிக்கு ஒன்று, உரிந்த வண்ணத்துக்கு ஒன்று. மொத்தம் இருபதைத் தாண்டினால் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். அலுவலகம் பழுதுபார்த்த பிறகு குடியேறலாம். இதுவரை எத்தனை வீடு பழுதுபார்த்தார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஏன், எதற்கு என்று எழுதப் படிவத்தில் கட்டமே கிடையாது.

"கட்டம் வெச்சா ஜனங்க எழுதிட்டே இருப்பாங்க" என்பார்.

அவருடைய தையல்காரரின் வீடும் அப்படிப் பூட்டப்பட்டதுதான். மூன்று வருஷமாக மனுஷன் மனைவியோடு கடையிலேயே, துணி வெட்டும் மேசைக்கு அடியில் படுத்துக்கொள்கிறார்.

இந்த நேரத்தில்தான் மேலாளரின் மனைவிக்கு நாட்டுப்புறப் பாணி மேல் ஆசை வந்தது. நல்ல மெத்தை நாற்காலிகள் வெளியே போயின. பைன் மரத்தில் மேசை, பெஞ்சு, அலமாரி உள்ளே வந்தன. கூடவே ஓர் அலங்கார நிபுணரும் வந்தார். புத்தம் புது மேசையை இரும்புச் சங்கிலியால் விளாசு விளாசென்று விளாசினார்.

"ஐயய்யோ, புது மேசைங்க!" என்று பதறினார் மேலாளர்.

"அதான் சார் அதுல இருக்கிற குறை. இருங்க, சரி பண்ணிடறேன்."

"நீங்க சும்மா இருங்க. அவருக்குத் தெரியாததா?" என்றாள் மனைவி.

சுவர் வண்ணம் சுரண்டப்பட்டது. ஆணிகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துருவேற்றினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் கால்சட்டை கிழிந்தது. வாரத்துக்கு இரண்டு கால்சட்டை தையல்காரரிடம் போயிற்று. அவர் மட்டும் பாணியை மனதார வாழ்த்தினார்.

சங்கிலிச் சத்தம் கேட்ட பக்கத்து வீட்டார், வீடு இடிகிறதென்று புகார் கொடுத்துவிட்டார்கள். மேலாளருக்குக் கீழே வேலை பார்க்கும் ஆய்வாளரே வந்து நின்றார். படிவம் பதினான்கைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான், அப்படிப்பட்ட பிள்ளை. குனிந்து, நிமிர்ந்து, மேசைக்கு அடியில் தவழ்ந்து எண்ணினார்.

"நாற்பத்தேழு சார்."

"யோவ், இது ஃபேஷன்யா! காசு குடுத்துக் கெடுத்தது!"

"இருக்கலாம் சார். ஆனா அதை எழுதக் கட்டம் இல்லையே. பதினஞ்சு நாள்ல காலி பண்ணிடுங்க."

மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூட்டினால் திறக்கவே திறக்காது என்பது ஊரில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். தையல்காரரின் மேசைக்கு அடியில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்குமா என்றுகூட யோசித்துவிட்டார். வேறு வழியில்லாமல் தன் மேலதிகாரியான இயக்குநர் அம்மாளின் காலில் விழாத குறையாக முறையிட்டார். அம்மாளே நேரில் பார்க்க வந்துவிட்டார்.

வந்தவர் வாசலிலேயே வாயைப் பிளந்து நின்றார். "அடடா! இந்த விரிசலை எங்கே செஞ்சீங்க? எங்க வீட்டுக்கும் இதே மாதிரி வேணும்!"

"செஞ்சுக்கலாம் மேடம். ஆனா உங்க வீட்டையும் பூட்டிடுவாங்க" என்றார் மேலாளர், மெதுவாக.

அம்மாள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "உடனே ஒரு சுற்றறிக்கை எழுதுங்க. நம்ம ரெண்டு வீட்டுக்கு மட்டும்னா ஜனங்க பேசுவாங்க. எல்லாருக்கும்னே போடுங்க."

மேலாளர் அந்த மேசையிலேயே, பெஞ்சை நம்பாமல் நின்றபடி எழுதினார்: 'இதுகாறும் பழுது எனக் கருதப்பட்டவை யாவும் இனி நாட்டுப்புறப் பாணி எனக் கருதப்படும். இருபதுக்கு மேல் இரண்டாம் தரம், நாற்பதுக்கு மேல் முதல் தரம். உரிமையாளருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படும்.'

ஒரே நாளில் வீடு பிழைத்தது. நிலுவையிலிருந்த முந்நூறு பழுதுபார்ப்பு மனுக்களும் தீர்ந்தன. முத்திரைகளை உடைத்து, ஒழுகுகிற வீடுகளுக்குள்ளேயே ஜனங்களைச் சான்றிதழோடு அனுப்பிவைத்தார்கள். மேலாளருக்கு உள்ளூரக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. தையல்காரர் சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்று பயந்து, ஒரு வாரம் கிழிந்த கால்சட்டையோடே திரிந்தார்.

கடைசியில் தையல்காரரே வீடு தேடி வந்துவிட்டார். கையில் சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு. முகத்தில் கோபம் கொதித்தது.

"சார், இது உங்களுக்கே நியாயமா? எனக்கு முப்பத்தெட்டு. இரண்டாம் தரம். எதிர்வீட்டுக்காரனுக்கு முதல் தரமாம்! அவன் பொண்டாட்டி என் பொண்டாட்டியை ஏற இறங்கப் பாக்கறா."

மேலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கூரை எப்படி இருக்கு?"

"கூரையை விடுங்க சார், அது பாட்டுக்கு ஒழுகுது." தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சங்கிலியை ஒரு ரெண்டு நாள் தருவீங்களா?"