வழுக்குகிற விசிறி

மோட்டார் ஊரைக் கூட்டியது. படகு மட்டும் பத்திரிகை வைக்காத பங்காளி மாதிரி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வேகத்தைக் குறைத்தார். படகு நகர்ந்தது. கூட்டினார். அலறல்தான் கூடியது, படகு நின்றுவிட்டது.

"சனியனே, இன்னிக்கு ஒரு நாள் என் மானத்தக் காப்பாத்து" என்று கெஞ்சினார்.

மறுநாள் வீடு மாறுகிறார்கள். புது வீடு ஐந்தாவது மாடி. "இன்னிக்குள்ள விக்கலைன்னா நீங்களும் உங்க போட்டும் ஏரியிலயே குடித்தனம் நடத்துங்க" என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அவளே போனில் வந்தாள். "வாங்கறவர் கிளம்பிட்டாராம். ஒரு மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருக்கேன்."

"மெக்கானிக் எதுக்கு? எனக்குத் தெரியாத ரிப்பேரா?"

"உங்களுக்குத் தெரியும்கிறதாலதான் வரச் சொன்னேன்" என்று வைத்துவிட்டாள்.

கரைக்குத் திரும்பியபோது இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. இன்னொருவருக்கு முழங்கை வரை கறுப்பு மசகு.

"உங்க வீட்டம்மா வந்து போட்டைப் பாக்கச் சொன்னாங்க" என்றார் வெள்ளைச் சட்டை.

"வாங்க சார், வாங்க! முன்னால உக்காருங்க. அங்கதான் காத்து நல்லா வரும்."

மசகுக்காரர் கையைப் பார்த்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. வர்ற வழியில வண்டி..."

"அதெல்லாம் அப்புறம். நீங்க என் பக்கத்துல உக்காருங்க" என்று அவரைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் கடைக்காரர்.

படகு ஆமை வேகத்தில் கிளம்பியது.

"என்ன கோளாறு சார் இதுல?" என்று முன்னாலிருந்து கேட்டார் வெள்ளைச் சட்டை.

"கோளாறா? தங்கம் சார், தங்கம்!"

மோட்டார் இரைச்சலில் கடைக்காரர் மசகுக்காரர் காதோடு காதாகச் சொன்னார்: "தண்ணியத் தள்ளுற விசிறிக்கு நடுவுல இருக்கிற ரப்பர் விட்டுப்போச்சு. வேகம் கூட்டினா வழுக்குது. தண்டு சுத்தும், விசிறி சுத்தாது."

"அப்படியா! அப்புறம்?" என்றார் அவர் ஆர்வமாக.

"பாறைல இடிச்சு ஒரு இறக்கை வளைஞ்சிடுச்சு. நானே சுத்தியலால தட்டி நிமித்தினேன்."

"அப்புறம்?"

"கியர் பெட்டிக்குள்ள தண்ணி பூந்திருக்கு. எண்ணெய் பால் மாதிரி வெளுத்துப்போச்சு. அந்தாளுக்குத் தெரியக்கூடாது."

"சொல்லுங்க, சொல்லுங்க. எதையும் விட்டுடாதீங்க."

இப்படி அக்கறையாகக் கேட்கிற மெக்கானிக்கைக் கடைக்காரர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"ரொம்ப அதிருதே சார்?" என்றார் வெள்ளைச் சட்டை.

"தொட்டில் மாதிரி இருக்கில்ல?"

"வேகத்தக் கூட்டுங்க பாப்போம்."

வேறு வழியில்லாமல் கூட்டினார். மோட்டார் கூவியது, படகு முனகியது. வெள்ளைச் சட்டை எழுந்து பின்னால் வரப் பார்த்தார். "நடுத்தண்ணில எழுந்திருக்காதீங்க சார், கவுந்துடும்!" என்று அதட்டி உட்கார வைத்தார் கடைக்காரர்.

பிறகு மோட்டாரை நிறுத்தி, தண்ணீரிலிருந்து தூக்கினார். விசிறியை இறுக்கினால் வழுக்காது என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஸ்பேனரைப் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். 'டக்' என்றது. விசிறியைப் பிடித்திருந்த மரை உடைந்து கையோடு வந்தது.

"என்ன சத்தம்?"

"ஸ்பேனர் வழுக்கிடுச்சு சார்!"

மரை இருந்த இடத்தில் கம்பியைச் சுற்றினார். மோட்டாரை இறக்கி, சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தார். விசிறி நான்கு சுற்றுச் சுற்றியது. 'ப்ளக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு மோட்டார் நிம்மதியாக ஓடியது, சுற்றுவதற்குத்தான் எதுவும் இல்லை. விசிறி ஏரிக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தது.

"இப்ப என்ன சார் ஆச்சு?" என்றார் வெள்ளைச் சட்டை.

"ஒண்ணுமில்ல. துடுப்பாலயும் எவ்வளவு சுளுவாப் போகும்னு காட்டறேன்" என்றார் கடைக்காரர்.

மூன்று பேரும் மாற்றி மாற்றித் துடுப்புப் போட்டார்கள். கரை வருவதற்குள் வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இறங்கியதும் அவர் ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டினார். "கடைசியாக் கேக்கறேன் சார். போட்டுல குறை எதுவும் இருக்கா, இல்லையா?"

"சத்தியமா இல்ல சார்!"

"அப்ப சரி. இனி நான் இங்க இருந்து என்ன பண்ண?" என்று விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆத்திரமெல்லாம் பக்கத்தில் நின்றவர் மேல் திரும்பியது.

"ஏங்க, நீங்க ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லியிருந்தா அந்த மனுஷன் வாங்கியிருப்பாரே!"

மசகுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்கிட்ட சொன்னதையெல்லாம் அந்த மெக்கானிக்கிட்ட சொல்லி, அவர்கிட்ட சொன்னதையெல்லாம் என்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா, இந்நேரம் நான் வாங்கியிருப்பேனே அண்ணே!"