தீர்மானம் தோழர் ஒத்திவைத்தது

புதுச்சேரியில் புரட்சி வராமல் போனதற்கு ஒரே காரணம் தீர்மானம் தோழர்தான். அது வந்திருக்கும். கூட்டத்துக்கு மூன்று பேர் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. யாரும் சொன்னதில்லை. எதற்கும் தீர்மானம் போடுவார். மின்விசிறி வாங்க ஒரு தீர்மானம். வாங்கியதும் அதை இரண்டாம் நம்பர் வேகத்தில் வைக்க இன்னொன்று. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தோழர் என்பதை 'கமராத்' என்பார்.

பெரிய கட்சியிலிருந்து நாற்பது பேர் பிரிந்து வந்தோம். எல்லோரும் மில் ஆட்கள். பிறகு எங்களுக்குள்ளேயே இரண்டு முறை பிரிந்தோம். மில்லை மூடினார்கள். பலர் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் தீர்மானம், தையல்கார அந்தோணி, நான். கட்சிச் சட்டப்படி மூன்று பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். சரியாக மூன்று.

அந்த ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போனேன். மறுநாள் கூட்டத்தில் தீர்மானம் கேட்டார்.

"வடம் புடிச்சியா கமராத்?"

"புடிச்சேன்."

என்னைக் கட்சியை விட்டு நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தோணிக்கு உறுத்தியது.

"நான் ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறேனே, அது?"

"அது அடுத்த கூட்டத்துல."

குற்றம் உண்மை. நானும் கை தூக்கினேன். ஒருமனதாக நிறைவேறியது. எழுந்து செருப்பை மாட்டினேன். மில் இல்லை. வீட்டில் அவளும் இல்லை. அந்தப் பெஞ்சை விட்டால் எனக்கு உட்கார இடம் கிடையாது.

தீர்மானம் அடுத்த பொருளுக்குப் போகுமுன் ஆட்களை எண்ணினார். திரும்ப எண்ணினார். இரண்டு. இனிக் கூட்டம் செல்லாது. என்னைத் திரும்பச் சேர்க்கவும் கூட்டம் வேண்டும். கட்சியே முடிந்திருந்தது.

அரை மணி நேரம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"மினிட்ஸ அடுத்த கூட்டத்துல படிச்சு ஏத்துக்கிட்டாத்தான் நீக்கம் செல்லும். அதுவரைக்கும் நீ உறுப்பினர்தான். குந்து."

அடுத்த மாதம் படித்தார். என் நீக்கம் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது ஒத்திவைப்பு."

பதினொரு வருடம், மாதாமாதம் கண்ணாடியைத் துடைத்தார். அந்தோணியின் பூசை பொருள் நிரலில் வரவேயில்லை.

கடைசிக் கூட்டம் பெரிய ஆஸ்பத்திரியில், அவர் கட்டிலைச் சுற்றி. அவருக்குப் பேச்சு போய்விட்டது. நான்தான் படித்தேன். என் நீக்கம் வந்ததும் நிறுத்தினேன். தீர்மானம் ஒரு விரலைத் தூக்கி மெல்ல ஓரமாகத் தள்ளினார்.

இப்போது நாங்கள் இரண்டு பேர். கூட்டம் கூட முடியாது. இனி என்னை யாராலும் நீக்க முடியாது. அப்படித்தான் விட்டுப் போயிருக்கிறார்.