மாலை போட்ட படத்தின் ஆவி

தக்கலைக்கு அருகிலுள்ள அந்தப் பழைய பங்களாவின் முன்னே பத்து நாளாகத் திருவிழாக் கூட்டம். கையில் பிச்சிப்பூ மாலை, தோளில் ஏத்தன் வாழைக்குலை, கக்கத்தில் சேவல். எல்லாம் ஆவிக்காக! ஆவி அவற்றை உண்பதில்லை. அதன் பிரதிநிதி மந்திரவாதி பகவதியப்பன் உண்பார்.

நாற்பதாண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மர்மப் படம் எடுத்தார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய யோவான், அதைச் சமூக நையாண்டியாக மீண்டும் எடுக்க முன்வந்தார். திரைக்கதை எழுதியவள் பிரீனா. பழைய கதையில் பேய் உண்மை. அவளுடைய கதையில் பேய் மோசடி, மந்திரவாதி பிடிபடுவதே முடிவு. அந்த முடிவுக்காக அவள் மூன்றாண்டுகள் உழைத்திருந்தாள்.

முதல் நாளே ஜெனரேட்டர் நின்றது. டீசல் இருக்கிறதா என்று பார்க்குமுன் மந்திரவாதியைப் பார்த்தார்கள். அவர் கூடத்துச் சுவரைச் சுட்டினார். அங்கே, இடக்கண்ணுக்குக் கீழே பெரிய மச்சமுடைய இளம்பெண்ணின் படமொன்று காகித மாலையுடன் தொங்கியது.

"இந்தப் பிள்ளை அந்தப் பழைய சினிமா எடுக்கையிலே கிணத்துல விழுந்து செத்தவளாக்கும். பேய் பொய்யின்னு காட்டினா விடமாட்டா. கடைசியிலே மந்திரவாதி ஜெயிக்கணுமாம். அந்த வேஷத்துல நானே நடிக்கணுமின்னும் சொல்லுகா."

நடிகர் தேர்விலும் ஆவிக்கு நல்ல ஞானம்! செய்தி வாட்ஸப்பில் மார்த்தாண்டம் கடந்தது, கூட்டம் பெருகியது. பத்தாம் நாள் யோவான் பணிந்தார்.

"நாளைக்குள்ள முடிவை மாத்து மக்கா. இல்லாட்டி வேற ஆளு எழுதட்டும்."

"பேய் மோசடின்னு சொல்லத்தானே அண்ணே படம் எடுக்கோம்?"

"அது சினிமாவுல பிள்ளே! இது நெசம்."

மறுநாள் காலை, ஆவிக்கு மாலை வாங்கும் பொறுப்பும் பிரீனாவின் தலையில் விழுந்தது. காட்சிக்குக் காட்சி பொருள்கள் மாறாதிருக்க, அனைத்தையும் கைபேசியில் படம்பிடித்து வைப்பதும் அவள் வேலை. தோவாளைச் சந்தையில், மாலையின் நீளத்தை உணர்த்த, கைபேசியிலிருந்த அந்தச் சுவர்ப் படத்தைக் காட்டினாள். பூக்கடைக்காரி ஞானசெல்வி கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

"ஏட்டி, இது எனக்க படமாக்கும்! சினிமாவுல செத்தவளுக்க படம் வேணுமின்னு எடுத்தானுவ. ஒரு சாயாவும் வடையும் தந்தானுவ. இன்னுமா அதைச் சொவத்துலேருந்து கழத்தல்ல?"

பிரீனா நிமிர்ந்து பார்த்தாள். அதே மச்சம். பத்து நாளாகப் பங்களாவுக்கு மாலை போனதும் அந்தக் கடையிலிருந்தே. தன் சாவுக்குத் தானே பூ விற்றிருக்கிறாள் அந்த அம்மாள்!

மதியம், முக்காடிட்ட ஞானசெல்வியை மந்திரவாதியின் முன் நிறுத்தினாள் பிரீனா.

"சாமி, இந்த அம்மைக்கு என்னவோ பிடிச்சிரிக்கு."

பகவதியப்பன் திருநீற்றை வீசி உறுமினார். "படத்துல இருக்கியவதான் பிடிச்சிருக்கா!"

"அவ செத்தது நெசந்தானா, உறப்பா?"

"உறப்பாவா? நேத்தும் எனக்கிட்ட வந்து அழுதா!"

ஞானசெல்வி முக்காட்டை நீக்கிப் படத்தின் அருகில் போய் நின்றாள். "நேத்து நான் அழல்லியே சாமி. கஞ்சி குடிச்சிட்டு நல்லா உறங்கினேன்."

கூட்டம் படத்தைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, மச்சத்தைப் பார்த்தது. பகவதியப்பன் மட்டும் தளரவில்லை. "ஆவி உருவெடுத்து வந்திரிக்கு! விழுந்து கும்பிடுங்க!"

பாதிக்கூட்டம் விழுந்தே விட்டது.

"எந்திரிங்கலே!" என்று அதட்டினாள் ஞானசெல்வி. "ஏலே, நீதானே காலம்பற மாலைக்குப் பேரம் பேசினே? பேய்க்கிட்டயாலே பேரம் பேசினே?"

விழுந்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். மந்திரவாதியை நோக்கி நடந்தான். அவனுக்குப் பின்னே கூட்டமும் நடந்தது. பகவதியப்பன் புறவாசலை நாடினார். கட்டவிழ்ந்த சேவல்கள் அவரை முந்தின.

யோவான் திரைக்கதையைப் பிரீனாவிடம் நீட்டினார். "முடிவு இப்படியே இரிக்கட்டும் மக்கா. ஒரு வரி மாத்தாண்டாம்."

ஓர் ஊரே பத்து நாள் வரிசையில் நின்றதே, செத்தவளின் பெயர் என்னவென்று ஒருவராவது கேட்டீர்களா? அடுத்த ஆவிக்குச் சேவல் தூக்குமுன் இறந்தது யாரென்று விசாரியுங்கள். பெரும்பாலும் அது உங்கள் அறிவாகவே இருக்கும்.